திசைகாட்டி இல்லாமல் பசிபிக்கைக் கடந்த ஹோகுலேயா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடல் பயண வரலாறு என்றாலே கொலம்பஸ், வாஸ்கோ ட காமா, மெகல்லன் என்றுதான் நமக்குச் சொல்லித்தந்தார்கள். அவர்கள் பிறப்பதற்கு முன்பே, பூமியின் மிகப் பெரிய கடலின் நடுவிலும் கிழக்கிலும் மனிதர் வாழத்தக்க தீவுகள் ஏறக்குறைய அனைத்தையும் தேடிக் கண்டுபிடித்துக் குடியேறி முடித்திருந்தார்கள், ஹவாய் முதல் நியூசிலாந்து வரையுள்ள பசிபிக் தீவுகளின் பாலினேசிய மக்கள். இரும்பு ஆணியோ எழுதிய வரைபடமோ அவர்களிடம் இல்லை. அந்த அறிவு அழியும் விளிம்புக்குப் போனதும், ஒரு தோணியும் ஒரு மனிதரும் அதைத் திரும்பக் கொண்டுவந்ததும் தமிழில் அதிகம் எழுதப்படாத கதை. இது பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

ஹோகுலேயா என்பது என்ன?

ஹவாயில் 1975 மார்ச் 8 அன்று கடலில் இறக்கப்பட்ட பாய்மரத் தோணி. நீளம் ஏறக்குறைய 62 அடி. இரண்டு தோணிகளை அருகருகே வைத்து, குறுக்குச் சட்டங்கள் கொடுத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டி, நடுவில் தளம் போட்ட அமைப்பு. இரண்டு பாய்மரங்கள், நண்டுக் கொடுக்கு வடிவத்தில் பாய்கள். பின்பக்கம் சுக்கானுக்குப் பதிலாக ஒரு நீண்ட துடுப்பு. எஞ்சின் கிடையாது.

இதைக் கட்டியது 1973-இல் தொடங்கப்பட்ட பாலினேசியக் கடற்பயணச் சங்கம். மானுடவியலாளர் பென் ஃபின்னி, ஓவியர் ஹெர்ப் கானே, கடலோடி டாமி ஹோம்ஸ் ஆகிய மூவரும் சேர்ந்து அதைத் தொடங்கினார்கள். பழைய ஓவியங்களையும் குறிப்புகளையும் பார்த்துத் தோணியை வடிவமைத்தவர் கானே. ஹவாய்க்காரர்கள் ஹோகுலேயா என்று அழைப்பது நம்முடைய சுவாதி நட்சத்திரத்தைத்தான். அந்தப் பெயரைத் தோணிக்கு ஏன் வைத்தார்கள் என்பது கீழே வரும்.

பாலினேசியர் எங்கிருந்து வந்தார்கள்?

மொழி, தொல்லியல், மரபணு மூன்றும் மேற்கைத்தான் காட்டுகின்றன. தைவானிலிருந்து பிலிப்பைன்ஸ் வழியாகத் தெற்கே பரவிய ஆஸ்ட்ரோனேசிய மொழி பேசும் மக்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன் டோங்கா, சமோவா வரை வந்துவிட்டார்கள். அப்புறம் நீண்ட இடைவெளி. ஏறக்குறைய கி.பி. 1000 முதல் 1300-க்குள் தாஹிட்டி, ஹவாய், ஈஸ்டர் தீவு, நியூசிலாந்து எல்லாவற்றையும் எட்டினார்கள். ஹவாய், ஈஸ்டர் தீவு, நியூசிலாந்து மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் வரும் முக்கோணத்துக்குள் ஐரோப்பாவே இரண்டு முறை அடங்கிவிடும். 1778-இல் ஹவாய்க்கு வந்த கேப்டன் குக், நியூசிலாந்திலும் ஈஸ்டர் தீவிலும் கேட்ட மொழியின் உறவு மொழியை அங்கேயும் கேட்டு வியந்துபோனார்.

காற்றும் நீரோட்டமும் தற்செயலாக அடித்துக்கொண்டு போயிருக்கலாமே?

ஆண்ட்ரூ ஷார்ப் என்ற நியூசிலாந்து வரலாற்றாளர் 1956-இல் இதைத்தான் வாதிட்டார். கருவிகள் இல்லாமல் நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் குறிவைத்துப் போக முடியாது, வழிதவறிய தோணிகள்தான் தீவுகளில் ஒதுங்கின என்றார். பலரும் நம்பினார்கள்.

ஆனால் வழிதவறிய மீனவர் தோணியில் பெண்கள் இருந்திருப்பார்களா? கோழி, நாய், பன்றி, ஈரப்பலா, சேம்பு, வாழைக் கன்று எல்லாம் இருந்திருக்குமா? குடியேறிய தீவுகள் பலவற்றில் இவை இருக்கின்றன. கிளம்பியவர்கள் குடியேறும் எண்ணத்தோடு மூட்டை கட்டிக் கிளம்பியிருக்கிறார்கள். 1973-இல் காற்று, நீரோட்டத் தரவுகளைக் கணினியில் போட்டுப் பார்த்த ஆய்விலும், சும்மா மிதந்து ஹவாய்க்கோ நியூசிலாந்துக்கோ ஈஸ்டர் தீவுக்கோ போய்ச் சேரும் வாய்ப்பு கிட்டத்தட்ட இல்லை என்றே வந்தது.

நார்வே ஆய்வாளர் தோர் ஹெயர்டால் தென் அமெரிக்காவிலிருந்து தெப்பத்தில் வந்து காட்டினாரே?

வந்தார். 1947-இல் பெருவின் கயாவோவிலிருந்து பால்சா மரத் தெப்பத்தில் புறப்பட்டு, 101 நாட்களில் ரரோயா என்ற பவளத்தீவில் மோதி நின்றார்கள். அந்தத் துணிச்சலை மதிக்கிறேன். ஆனால் பாலினேசியர் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் என்று அதிலிருந்து அவர் எடுத்த முடிவு தவறு. பாலினேசிய மொழிகளும் மரபணுவும் ஆசியப் பக்கமே நிற்கின்றன.

தென் அமெரிக்கத் தொடர்பு வேறு விதத்தில் உண்மை. சர்க்கரைவள்ளிக் கிழங்கு அந்தக் கண்டத்துப் பயிர். ஐரோப்பியர் வரும் முன்பே பாலினேசியாவில் விளைந்தது. கி.பி. 1200-ஐ ஒட்டி இரு மக்களும் கலந்ததற்கு 2020-இல் வெளியான மரபணு ஆய்வு ஆதாரம் தந்தது. பாலினேசியர்களே அங்கே போய்த் திரும்பியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். அத்தனை தூரம் ஓடும் தோணியும், திரும்பி வரும் வித்தையும் அவர்களிடம்தான் இருந்தன.

1976-இல் என்ன நடந்தது?

பழைய முறையிலேயே குறிவைத்துப் போக முடியுமா என்று சோதிக்க, மே 1 அன்று ஹவாயின் மாவி தீவின் ஹொனோலுவா விரிகுடாவிலிருந்து ஹோகுலேயா தாஹிட்டிக்குக் கிளம்பியது. தூரம் 4,000 கிலோமீட்டருக்கு மேல். கேப்டன் காவிக்கா கபாஹுலேஹுவா. வழி கண்டவர் மேற்குப் பசிபிக்கின் தீவுக்கூட்டமான மைக்ரோனேசியாவைச் சேர்ந்த மாவ் பியாய்லுக். திசைகாட்டி, வரைபடம், நட்சத்திரங்களின் உயரத்தை அளக்கும் செக்ஸ்டன்ட் எதுவும் அவர் கையில் இல்லை. கைக்கடிகாரம்கூடப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. பாதுகாப்புக்காக ஒரு படகு பின்னால் வந்தது, ஆனால் அது தோணிக்கு இருப்பிடம் சொல்லாது. முன்னோர் செய்தது போலவே நாய், பன்றி, கோழி, செடிகளையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவை கடல் பயணத்தைத் தாங்குமா என்று பார்ப்பதும் சோதனையின் பகுதி.

பூமத்தியரேகை அருகே காற்று ஓய்ந்து தோணி தவித்தது. குழுவுக்குள் சண்டையும் மூண்டது. இது அறிவியல் சோதனையா, ஹவாய் மக்களின் சொந்தப் பயணமா என்ற பிளவு அது. இன்று பலர் அந்தச் சண்டையை விட்டுவிட்டுக் கதை சொல்கிறார்கள். ஆனால் அதையும் சொன்னால்தான் அந்த மக்களுக்கு அந்தத் தோணி எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். 1893-இல் அவர்களுடைய அரசு கவிழ்க்கப்பட்டது. 1896-இல் பள்ளிகளில் அவர்களுடைய மொழி விலக்கப்பட்டது. அப்படிப்பட்டவர்களிடம் "இது வெறும் சோதனை" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

ஜூன் 4 அன்று தோணி தாஹிட்டியின் பாப்பியேட்டே துறைமுகத்துக்குள் நுழைந்தது. வரவேற்க 17,000 பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். மாவ் மட்டும் குழுவின் சண்டையால் மனம் நொந்து, திரும்பும் பயணத்தில் சேராமல் ஊர் திரும்பிவிட்டார்.

ஹவாய்த் தோணிக்கு மைக்ரோனேசியர் ஏன் வழிகாட்ட வேண்டும்?

ஹவாயில் அந்த வித்தை தெரிந்தவர் ஒருவர்கூட மிஞ்சவில்லை. நூற்றாண்டுகளுக்கு முன்பே நெடுந்தூரப் பயணங்கள் நின்றுபோயின. கதையிலும் பாட்டிலும் நட்சத்திரப் பெயர்கள் இருந்தன. அவற்றை வைத்துத் தோணி ஓட்டத் தெரிந்த ஆள் இல்லை.

மாவ் 1932-இல் சத்தவால் தீவில் பிறந்தவர். ஒன்றரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லாத பவளத்தீவு அது. அங்கே கடலோடத் தெரியாவிட்டால் சாப்பாட்டுக்கே திண்டாட்டம், அதனால் கலை உயிரோடு இருந்தது. கைக்குழந்தையாக இருந்தபோதே அவரை அலை வந்துபோகும் பாறைக் குட்டைகளில் தாத்தா உட்கார வைப்பாராம், கடலின் அசைவு உடம்பில் ஏற வேண்டும் என்று. இளவயதிலேயே 'ப்வோ' என்ற சடங்கு செய்து அவரை மீகாமனாக ஏற்றுக்கொண்டார்கள்.

இந்த அறிவைக் குடும்பத்துக்கு வெளியே தருவது அவர்கள் வழக்கத்துக்கு விரோதம். ஆனால் சத்தவாலிலேயே இளைஞர்கள் பள்ளிக்கூடம், மோட்டார் படகு என்று திரும்பிவிட்டார்கள். கற்றுக்கொள்ள ஆள் இல்லாமல் தன்னோடு செத்துப்போவதைவிட, கேட்டு வந்த அந்நியருக்குக் கொடுப்பது மேல் என்று மாவ் முடிவு செய்தார். என்னைக் கேட்டால், இருபதாம் நூற்றாண்டின் கடல் வரலாற்றில் இதைவிடப் பெரிய முடிவு அதிகம் இல்லை. சொந்த ஊரில் அதற்காக அவர் பழி சுமந்தார்.

சரி, கருவி இல்லாமல் எப்படித்தான் திசை கண்டுபிடிக்கிறார்கள்?

முதலில் நட்சத்திரங்கள். ஒரு நட்சத்திரம் வருடம் முழுவதும் அடிவானத்தில் ஒரே புள்ளியில்தான் உதிக்கும், ஒரே புள்ளியில்தான் மறையும். நேரம்தான் மாறும். உதித்து மேலே ஏறிய பிறகு அது திசை காட்டாது. அப்போது அதே இடத்தில் உதிக்கும் அடுத்த நட்சத்திரத்தைப் பிடிக்க வேண்டும். இப்படி ஓர் இரவுக்கு வரிசையாகப் பல நட்சத்திரங்கள். எது எங்கே உதிக்கும், எது எங்கே மறையும் என்று இருநூறுக்கும் மேற்பட்டவற்றை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். ஹவாயில் இன்று கற்றுத்தரும் முறையில் அடிவானத்தை 32 வீடுகளாகப் பிரித்து, ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் உதிக்கும் வீடு, மறையும் வீடு என்று குறிக்கிறார்கள்.

அடுத்து, வடக்கு தெற்கில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது. இங்கேதான் சுவாதி வருகிறது. ஹவாயின் அட்சரேகையில் நிற்பவருக்கு அது நேர் உச்சந்தலைக்கு மேலே கடந்துபோகும். தாஹிட்டியிலிருந்து வடக்கே திரும்பும்போது சுவாதி இரவுக்கு இரவு உயரும். அது உச்சியைத் தொட்டால் ஹவாயின் அட்சரேகைக்கு வந்தாயிற்று. தோணிக்கு அந்தப் பெயர் வைத்தது இதனால்தான். வீட்டுக்குக் கூட்டிவரும் நட்சத்திரம் அது.

பகலில் சூரியன் உதயத்திலும் மறைவிலும் மட்டும் உதவும். மற்ற நேரமெல்லாம் அலைதான். தொலைதூரக் காற்று எழுப்பிய நீண்ட அலைகள் நாள்கணக்கில் ஒரே திசையில் உருண்டுகொண்டே இருக்கும். மேலே சலசலக்கும் உள்ளூர் அலையைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். வடகிழக்கிலிருந்து ஒன்று, தெற்கிலிருந்து ஒன்று என்று இரண்டு மூன்று நீண்ட அலைகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும்போது, தோணி முன்னும் பின்னும் எழுவதையும் பக்கவாட்டில் உருளுவதையும் பிரித்து உணர வேண்டும். மாவ் தோணிக்குள் படுத்துக்கொண்டே, அலை மாறியதைச் சொல்லிவிடுவார் என்று உடன் போனவர்கள் சொல்கிறார்கள்.

இதெல்லாம் போக, வேகத்தையும் கடந்த தூரத்தையும் மீகாமன் மனதிலேயே கூட்டிக்கொண்டு வருகிறார். எழுதி வைப்பதில்லை. அதனால் பயணம் முழுக்கக் கோழித்தூக்கம்தான். ஆழ்ந்து தூங்கினால் கணக்கு அறுந்துபோகும்.

மேகம் மூடிவிட்டால்?

அலையும் காற்றும் மட்டுமே. இரண்டும் குழம்பினால் பாயை இறக்கிவிட்டுக் காத்திருப்பார்கள். தெரியாத திசையில் ஓடுவதைவிட நிற்பது நல்லது.

பரந்த கடலில் சின்னத் தீவைத் தவறவிட மாட்டார்களா?

ஒற்றைத் தீவைக் குறிவைப்பதே இல்லை. 1976-இல் தாஹிட்டிக்கு முன்னால் குறுக்கே பரந்து கிடக்கும் டுவமோட்டு பவளத்தீவுக் கூட்டத்தைத்தான் முதலில் பிடித்தார்கள். அந்தக் கூட்டத்தின் மட்டைவா தீவு தெரிந்ததும் தாஹிட்டி எந்தப் பக்கம் என்பது உறுதியாயிற்று. ஹவாய்க்குத் திரும்பும்போது வேண்டுமென்றே கிழக்கே தள்ளிப் போய், அட்சரேகை வந்ததும் மேற்கே திரும்புவார்கள். அப்போது தீவு எந்தப் பக்கம் இருக்கும் என்ற சந்தேகமே எழாது.

தீவைக் காட்டிக்கொடுப்பவை பறவைகள். சில ஆலாக்கள் காலையில் கடலுக்குப் போய் இரை பிடித்து மாலையில் கரைக்குத் திரும்பும். வெள்ளை ஆலா கரையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் வரை வரும், 'நாடி' என்ற இன்னொரு வகை ஆலா அந்த அளவுக்கு வராது. சாயங்காலம் அவை நேர்கோட்டில் பறக்கும் திசையில் நிலம். மற்ற மேகங்கள் நகர, ஒரு மேகம் மட்டும் நின்ற இடத்திலேயே குவிந்திருந்தால் அதன் கீழே மலை இருக்கலாம். பவளத்தீவின் ஆழமற்ற உள்கடல் மேலே இருக்கும் மேகத்தின் அடியைப் பச்சையாக்கும்.

குச்சிகளால் செய்த கடல் வரைபடம் பற்றிப் படித்தேன். அதுவும் இவர்களுடையதா?

அது மார்ஷல் தீவுகளைச் சேர்ந்தது. தென்னை ஈர்க்கு போன்ற குச்சிகளை வளைத்துக் கட்டி, தீவு இருக்கும் இடத்தில் சிப்பி பொருத்துவார்கள். தீவில் மோதி அலை எப்படி வளைகிறது என்பதை அது காட்டும். கரையில் வைத்துப் படிப்பார்கள், கடலுக்கு எடுத்துப்போவதில்லை.

ஹோகுலேயா பிளைவுட்டிலும் ஃபைபர்கிளாஸிலும் கட்டியதாமே? அப்புறம் அது எப்படிப் பாரம்பரியம்?

உண்மைதான். சோதிக்க நினைத்தது வடிவத்தையும் ஓட்டத்தையும் வழிகாணும் கலையையும். மரத்தைச் சோதிப்பது நோக்கம் அல்ல. ஆனால் கேள்வி அவர்களையும் உறுத்தியது. மரத்திலேயே இன்னொரு தோணி செய்யலாம் என்று பின்னால் ஹவாய்க் காடுகளில் தேடியபோது, 'கோவா' என்ற ஹவாய் மரம் போதுமான அளவில் முதிர்ந்ததாக அகப்படவில்லை. காடுகள் அவ்வளவு அழிந்திருந்தன. அலாஸ்காவின் பழங்குடி மக்கள் 400 ஆண்டு வயதான இரண்டு ஸ்ப்ரூஸ் மரங்களைக் கொடுத்தார்கள். அவற்றில் செதுக்கிய தோணி ஹவாயிலோவா, 1993-இல் கடலில் இறங்கியது. மரம் கிடைக்காத அதிர்ச்சியில்தான் காடு வளர்க்கும் வேலையும் தொடங்கியது.

இந்தப் பயணங்களில் உயிர்ச்சேதம் உண்டா?

உண்டு. 1978 மார்ச்சில் ஹோகுலேயா இரண்டாவது முறை தாஹிட்டிக்குக் கிளம்பியது. இம்முறை துணைப் படகு இல்லை. மோசமான கடலில் முதல் இரவே தோணி கவிழ்ந்தது. மறுநாள், வைமேயா கடற்கரையில் நூற்றுக்கணக்கானோரைக் காப்பாற்றிய உயிர்காப்பாளரும் அலைச்சறுக்கு வீரருமான எட்டி அய்காவ், உதவி கொண்டுவர தன் பலகையில் லானாய் தீவை நோக்கித் துடுப்பிட்டுப் போனார். மற்ற அனைவரும் அன்றே மீட்கப்பட்டார்கள். எட்டி கிடைக்கவே இல்லை. அதன் பிறகு பயிற்சியும் பாதுகாப்பு விதிகளும் அடியோடு மாறின.

ஹவாய்க்காரர் ஒருவரே வழிகண்டது எப்போது?

1980-இல். நைனோவா தாம்சன் தாஹிட்டிக்குப் போகவும் வரவும் தானே வழி கண்டார். பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு அதைச் செய்த முதல் ஹவாய்க்காரர். ஹொனலூலுவின் பிஷப் அருங்காட்சியகக் கோளரங்கத்தில், வானத்தை முன்னும் பின்னும் சுழற்றச் சொல்லி நட்சத்திரப் பாதைகளைப் படித்தார். கடலை அவருக்குக் கற்றுத்தந்தவர் மாவ். மனம் நொந்து போன அதே மாவ், 1978 விபத்துக்குப் பிறகு திரும்பி வந்தார். 1980 பயணத்தில் அவரும் தோணியில் இருந்தார், ஆனால் வழிநடத்தும் பொறுப்பு முழுக்க மாணவருடையது.

2007-இல் சத்தவாலில் மாவ் 'ப்வோ' சடங்கு நடத்தி, நைனோவா உட்பட ஐந்து ஹவாய்க்காரர்களையும் தன் பகுதி மாலுமிகள் சிலரையும் மீகாமன்களாக ஏற்றார். ஹவாய்க்காரர்கள் நன்றியாக ஒரு முழுத் தோணியைக் கட்டி அவருக்குக் கொடுத்தார்கள். அவர் 2010 ஜூலையில் காலமானார்.

ஹோகுலேயா உலகத்தையே சுற்றியதா?

ஆம், 2014 முதல் 2017 வரை. ஆஸ்திரேலியா, பாலி, மொரிஷியஸ், தென்னாப்பிரிக்கா, பிரேசில், நியூயார்க், பனாமா கால்வாய், ஈஸ்டர் தீவு வழியாக ஹொனலூலு திரும்பியது. வழியில் மாலுமிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

ஜிபிஎஸ் இருக்கும் காலத்தில் இது எதற்கு?

வழி கண்டுபிடிக்க மட்டும் என்றால் தேவையில்லை. ஹவாயில் நடந்ததைப் பாருங்கள்: 1978-இல் ஹவாய் மொழி மாநிலத்தின் ஆட்சிமொழியானது, அந்த மொழியிலேயே நடத்தும் பள்ளிகள் 1980-களில் வந்தன. எல்லாம் ஒரு தோணியால் வந்தது என்று சொல்ல மாட்டேன். பலர் பல முனையில் போராடினார்கள். ஆனால் உங்கள் முன்னோர் வழிதவறி வந்தவர்கள் என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகள், அவர்கள் அறிந்தே வந்தவர்கள் என்பதைக் கண்ணால் பார்த்தார்கள். குக் தீவுகள், நியூசிலாந்து, தாஹிட்டி எல்லாம் பின்னர் தங்கள் தோணிகளைக் கட்டின. மாவின் பகுதியான கரோலின் தீவுகளின் வழிகாணும் கலையையும் தோணி கட்டும் கலையையும் 2021-இல் யுனெஸ்கோ அவசரமாகக் காக்க வேண்டிய மரபுப் பட்டியலில் சேர்த்தது. அவசரம் இன்னும் தீரவில்லை என்பதையும் அந்தப் பட்டியலே சொல்கிறது.

எங்கே பார்க்கலாம்?

பயணத்தில் இல்லாதபோது ஹோகுலேயா பெரும்பாலும் ஹொனலூலுவில் இருக்கும். பிஷப் அருங்காட்சியகத்தில் பாலினேசியப் பொருட்கள் ஏராளம். ஹிலோ நகரின் இமிலோவா வானியல் மையமும் இந்தக் கலைக்கு இடம் தருகிறது.

தமிழ்நாட்டிலிருந்து இதில் எதையாவது செய்து பார்க்க முடியுமா?

தாராளமாக. மே மாத நடுவில் இரவு 9 மணிக்குத் தெற்கே பாருங்கள். விளக்கு வெளிச்சமும் மறைப்பும் இல்லாத கடற்கரை என்றால் நல்லது. தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும். அதன் தலை நட்சத்திரத்துக்கும் அடி நட்சத்திரத்துக்கும் உள்ள இடைவெளி சுமார் 6 பாகை. ஹவாயில் அடி நட்சத்திரத்துக்கும் அடிவானத்துக்கும் உள்ள இடைவெளியும் அதே 6 பாகைதான்; இரண்டும் சமமாகத் தெரிந்தால் ஹவாயின் அட்சரேகை என்று அங்கே கணக்கிடுகிறார்கள். சென்னையில் கீழ் இடைவெளி மேல் இடைவெளியைப் போல இரண்டு மடங்குக்கும் சற்று அதிகம். கன்னியாகுமரியில் மூன்று மடங்கு.

சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு போனால் செம்மஞ்சளாகச் சுவாதி கிடைக்கும். ஜூன் தொடக்கத்தில் இரவு ஒன்பதரை மணி வாக்கில் அது வானத்தின் உச்சத்தை ஒட்டி இருக்கும். சென்னையில் நேர் உச்சிக்கு வடக்கே 6 பாகை தள்ளியிருக்கும், கன்னியாகுமரியில் 11 பாகை. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 பாகை. அதை வைத்தே அளந்துவிடலாம். இரண்டு ஊரிலும் அளந்து பார்ப்பவருக்கு, எவ்வளவு தெற்கே வந்திருக்கிறோம் என்பது கையளவிலேயே தெரிந்துவிடும்.